டாப்சோன்: மாத்திரை பாதி, பரிசோதனை மீதி

நீரிழிவுக்காரர் ஒருவர் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு முன் அவருடைய ‘மூன்று மாதச் சராசரி’, அதாவது ஹெச்பிஏ1சி அளவு, 8.4. இப்போது 5.7. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஊறவைத்த வெந்தயம்தான் காரணம் என்கிறார் மனைவி. நடைப்பயிற்சி என்கிறார் மகன். ஆனால், விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியோ தினமும் காலையில் 180, 200 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டில் எது பொய்?

அறிக்கைதான் பொய். ஆய்வகத்தின் மேல் பிழையில்லை. நான்கு மாதமாகத் தோல் நோய்க்கென்று அவர் விழுங்கிவரும் ஒரு சிறு மாத்திரைதான் காரணம். ரத்தச் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும். அந்த வாழ்நாளில் அதிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. சிவப்பணுக்கள் நாள் நிறையும் முன்பே அழிந்துபோனால் சர்க்கரை ஒட்டுவதற்கு அவகாசம் இல்லை, எண் இறங்கிவிடும். உடம்பில் சர்க்கரை அப்படியே இருக்க, சிவப்பணுக்களின் ஆயுள்தான் குறைந்திருக்கிறது. அந்த மாத்திரையின் பெயர் டாப்சோன்.

இப்படி ஒரு அறிக்கையை நம்பி நீரிழிவு மருந்தைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் டாப்சோன் மோசமான மருந்து அல்ல. தோல் மருத்துவத்தில் அதற்கு ஈடாக இன்னொன்றை எளிதில் சொல்லிவிட முடியாது. பழையது, மலிவானது, தகுந்த நோய்க்குக் கொடுத்தால் சொன்னபடி கேட்பது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய மருந்து என்றால் பழகிய மருந்து என்றும், பழகிய மருந்து என்றால் பயமில்லாத மருந்து என்றும் நாம் எடுத்துக்கொள்கிறோம். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அதனுடன் சேர்ந்தே வர வேண்டிய ரத்தப் பரிசோதனையை மறந்துவிடுகிறோம்.

செங்கல்பட்டு வழியாக வந்த மருந்து

டாப்சோனை முதலில் உருவாக்கியவர்கள் அதை மருந்தாக நினைக்கவே இல்லை. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் எமில் ஃப்ரோம் என்ற வேதியியலாளரும் அவருடைய சகாவும் 1908-இல் அதைத் தயாரித்தார்கள். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அது வேதியியல் ஏடுகளில் வெறும் பெயராகக் கிடந்தது. 1930-களில் சல்ஃபா மருந்துகள் உலகைக் கலக்கியபோது அதன் உறவுக்காரப் பொருட்களையெல்லாம் விஞ்ஞானிகள் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். 1937-இல் லண்டனிலும் பாரிஸிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகளில், எலிகளுக்கு ஏற்றிய கிருமிகளை டாப்சோன் வெகு வேகமாக ஒடுக்கியது. அதே வேகத்தில் எலிகளையும் வாட்டியது. நன்மையும் நஞ்சும் ஒரே மூலக்கூறில் இருப்பது அன்றே தெரிந்துவிட்டது. சல்ஃபா மருந்துகளைக் கொடுக்கும் பெரிய அளவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தம் சிதைந்தது. மருந்தை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

அதை மீட்டெடுத்தது தொழுநோய். அதுவரை அந்நோய்க்கு இருந்ததெல்லாம் நீரடிமுத்து எண்ணெய்தான். வாரக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அந்த எண்ணெயை ஊசியாக ஏற்றிக்கொள்வார்கள். வலி நிச்சயம், பலன் நிச்சயமில்லை. 1941-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் கை ஃபேஜெட் என்ற மருத்துவர், டாப்சோனிலிருந்து செய்யப்பட்ட ப்ரோமின் என்ற மருந்தை நரம்பு வழியே செலுத்திப் பார்த்தார். ஆறாத புண்கள் ஆறின. ஆனால், தினமும் நரம்பு ஊசி போடுவது பணக்கார நாட்டு மருத்துவமனைக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஏழை நாடுகளுக்கு வழி காட்டிய இடங்களில் ஒன்று நம் செங்கல்பட்டு. அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், 1940-களின் நடுவில், விலை உயர்ந்த மாற்றுப் பொருட்களைத் தேடாமல் மூலப்பொருளான டாப்சோனையே எண்ணெயில் கலந்து ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். அளவைக் குறைத்தால் உடல் தாங்குகிறது, நோயும் தணிகிறது என்று தெரிந்தது. நைஜீரியாவின் உசுவாகோலியில் ஜான் லோ அதையே வாய்வழி மாத்திரையாகக் கொடுத்து, சிறிய அளவே போதும் என்று காட்டினார். செங்கல்பட்டு மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு ஏற்று, திருமணியில் இன்றும் இயங்கும் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றியது.

அதே 1955-இல், அதே செங்கல்பட்டு வட்டாரத்தில் உள்ள பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர்கள் ஃப்ரான்ஸ் ஹெமெரிக்ஸ், கிளேர் வெலூட் இருவரும் தொழுநோய் மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். நோயாளியை ஊரைவிட்டுப் பிரித்து மதிலுக்குள் அடைக்காமல், மருத்துவரே கிராமத்துக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்து மாத்திரை கொடுத்த முறை அது. மரத்தடி மருத்துவம் சாத்தியமானதற்கு ஒரே காரணம் அந்த மாத்திரை. ‘டி.டி.எஸ்.’ என்று களப்பணியாளர்கள் சொன்ன அந்த மலிவான மாத்திரை இல்லையென்றால், தொழுநோயாளியைக் குடும்பத்தோடு வாழவிட்டே குணப்படுத்தலாம் என்ற எண்ணமே வேர்விட்டிருக்காது.

ஒற்றை மருந்தை வாழ்நாள் முழுவதும் கொடுத்ததற்கு விலையும் இருந்தது. மலேசியாவில் சுங்கை பூலோ தொழுநோய் மையத்தில், டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் தோன்றிவிட்டதை 1964-இல் உறுதிசெய்தார்கள். 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு டாப்சோனுடன் ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின் ஆகியவற்றைச் சேர்த்துக் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்தில் சிகிச்சை முடிந்துவிடுகிறது. அட்டை அட்டையாக மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள் என்பதால், டாப்சோனை அதிகமாக விழுங்கும் நாடும் நம்முடையதாகவே இருக்கும்.

கொப்புளம் முதல் காணாக்கடி வரை

தொழுநோய்க் கிருமி உயிர்வாழத் தேவையான ஃபோலிக் அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்பை டாப்சோன் முடக்குகிறது. இது கிருமிக்கு எதிரான வேலை. கிருமியே இல்லாத தோல் நோய்களிலும் அது பலன் தருவதை 1950-களில் கவனித்தபோது மருத்துவர்கள் வியந்தார்கள்.

‘டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ்’ என்று ஒரு நோய். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளங்கள். சொறிந்தே தோலைப் பிய்த்துவிடும் அளவுக்கு அரிப்பு. கோதுமையில் உள்ள பசைப் புரதத்தை உடல் ஏற்காததால் வருவது. டாப்சோன் தொடங்கிய ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும். தூக்கமில்லாத மாதங்களுக்குப் பிறகு நோயாளி முதல்முறையாக உறங்குவார். பதில் அவ்வளவு வேகமாக வருவதால், நோயைச் சரியாகக் கணித்திருக்கிறோம் என்பதற்கே அதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. கோதுமையை விலக்கினால் நாளடைவில் மருந்தின் தேவையும் குறையும்.

கிருமியில்லாத நோயிலும் டாப்சோன் பலன் தருவதற்குக் காரணம் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய இந்த அணுக்கள் சில நோய்களில் காரணமில்லாமல் தோலுக்குள் கூட்டமாகப் புகுந்து, தம்மிடமுள்ள ரசாயனங்களைக் கொட்டித் தோலையே சேதப்படுத்துகின்றன. அவை திரள்வதையும், அவற்றின் ரசாயன ஆயுதத்தையும் டாப்சோன் மட்டுப்படுத்துகிறது. எனவே, நியூட்ரோஃபில் கலகம் செய்யும் இடமெல்லாம் டாப்சோனுக்கு வேலை இருக்கிறது: லீனியர் ஐஜிஏ நோய், முதியவர்களுக்கு வரும் பெம்ஃபிகாய்டு கொப்புள நோய், சீழ்க்கொப்புளங்கள் படரும் சில அரிய நோய்கள், ரத்தக்குழாய் அழற்சியோடு வரும் தடிப்புகள், வழக்கமான ஒவ்வாமை மாத்திரைகளுக்கு அடங்காத நாள்பட்ட காணாக்கடி. முகப்பருவுக்கு டாப்சோன் களிம்பே இப்போது கிடைக்கிறது. அமெரிக்காவில் 2005-இல் அதற்கு அனுமதி கிடைத்தது.

இந்தப் பட்டியலுக்கு நம் ஊரில் கூடுதலாக ஒரு மதிப்பு உண்டு. கொப்புள நோய்களுக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு. எழுபது வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எலும்புத் தேய்மானமும் உள்ள ஒருவருக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பது ஒரு நோயைத் தணித்து மூன்று நோயைத் தூண்டிவிடுவது. டாப்சோனைச் சேர்த்தால் ஸ்டீராய்டு அளவைக் குறைக்கலாம். புதிதாக வந்திருக்கும் உயிரியல் ஊசிகள் இதே வேலையைச் செய்யக்கூடும். ஆனால், மாதச் சம்பளக்காரர் எட்டிப்பிடிக்கக்கூடிய விலையில் அவை இல்லை. ஒரு நாள் டாப்சோனுக்கு ஒரு தேநீரின் விலைகூட ஆகாது.

ரத்தத்தில் நடப்பது

டாப்சோன் கல்லீரலை அடைந்ததும் அதில் ஒரு பகுதி ‘ஹைட்ராக்சிலமின்’ என்ற பொருளாக மாறுகிறது. மருந்தின் பெரும்பாலான ரத்தத் தொல்லைகளுக்கு மூலம் இதுதான். சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது என்று சொன்னால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

முதல் தொல்லை ரத்தச் சிதைவு. இது யாரோ சிலருக்கு வரும் ஒவ்வாமை என்று நினைக்கக் கூடாது. தினமும் 100 மில்லிகிராம் சாப்பிடும் ஏறக்குறைய எல்லோருக்குமே ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு கிராம் வரை இறங்கும். 14 கிராம் உள்ளவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால், 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. 9 கிராமில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டு கிராம் இறங்கினால், வீட்டுப் படியேறும்போதே மூச்சு வாங்கும். இதய நோய் உள்ள முதியவருக்கு நெஞ்சு வலியே வரலாம்.

சிவப்பணுக்களைத் துருவிலிருந்து காக்கும் ஒரு நொதி ஜி6பிடி. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடம் இந்தக் குறைபாடு அதிகம் வெளிப்படும். இந்தியாவில் சமூகத்துக்குச் சமூகம் இதன் அளவு மாறுகிறது. சில பழங்குடி மக்களிடம் கூடுதல். இப்படிப்பட்டவர் வழக்கமான அளவில் டாப்சோன் எடுத்தால் சில நாட்களிலேயே சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாக உடையும். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ரத்தச் சிதைவு நடந்த பிறகு பரிசோதித்தால் சில சமயம் ஜி6பிடி சரியாக இருப்பதுபோலவே முடிவு வரும். நொதி குறைந்த வயதான அணுக்கள் எல்லாம் அழிந்து, புதிதாகப் பிறந்த இளம் அணுக்கள் மட்டுமே எஞ்சியிருப்பதுதான் காரணம். அதனால்தான் இந்தப் பரிசோதனையை மருந்துக்கு முன்பே செய்ய வேண்டும்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. மலேரியாவுக்கென்று டாப்சோனையும் இன்னொரு மருந்தையும் சேர்த்து ‘லாப்டாப்’ என்ற மலிவான மாத்திரையைக் கொண்டுவந்தார்கள். அது மலேரியாவைக் குணப்படுத்தியது. ஆனால், ஜி6பிடி குறைபாடு பரவலாக உள்ள மக்களிடையே, அந்தப் பரிசோதனைக்கு வசதியில்லாத ஊர்களில், குழந்தைகளின் ரத்தம் ஆபத்தான அளவுக்குச் சிதைவது தெரியவந்தது. 2008-இல் மாத்திரையைத் திரும்பப் பெற்றார்கள்.

இரண்டாவது தொல்லை மெத்தீமோகுளோபின். டாப்சோன் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. டாப்சோன் சாப்பிடுபவரின் விரலில் அதை மாட்டினால் 90, 88, 85 என்று காட்டக்கூடும். நுரையீரலில் கோளாறு இருக்காது. ஆக்சிஜன் வைத்தாலும் எண் ஏறாது. காரணம் தெரியாத மருத்துவமனையில் இது தேவையற்ற ஸ்கேன்களுக்கும் பதற்றத்துக்கும் இட்டுச்செல்லும். கடுமையான நிலைக்கு மெத்திலின் நீலம் என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால், ஜி6பிடி குறைவாக உள்ளவருக்கு அந்த மாற்று மருந்தே ரத்தத்தைச் சிதைக்கும். முதல் நாளே செய்திருக்க வேண்டிய அந்த ஒற்றைப் பரிசோதனையின் அருமை இங்கேயும் தெரிகிறது.

மூன்றாவது, அரிதானது, ஆனால் உயிருக்கே உலை வைப்பது: வெள்ளணுக்கள் அடியோடு குறைந்துபோவது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வரும். தொண்டை வலி, வாய்ப்புண், காய்ச்சல் என்று சாதாரண சளிபோலத்தான் தொடங்கும். வியட்நாம் போரின்போது மலேரியா தடுப்புக்காக டாப்சோன் சாப்பிட்ட அமெரிக்கச் சிப்பாய்களிடம் இது கண்டறியப்பட்டது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. நீண்டகாலம் கூடிய அளவில் எடுப்பவர்களில் சிலருக்குக் கை கால் தசைகள் வலுவிழப்பதும் உண்டு.

ஐந்தாவது வாரக் காய்ச்சல்

நான்காவது ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதிகம் தவறவிடப்படக்கூடியது அதுதான். மருத்துவத்தில் அதற்கு டாப்சோன் மிகை ஒவ்வாமை நோய்த்தொகுதி என்று பெயர். 1950-களின் தொடக்கத்திலேயே விவரிக்கப்பட்டுவிட்டது. மருந்து தொடங்கி நான்கு முதல் ஆறு வாரங்களில் காய்ச்சல், உடலெங்கும் சிவந்த தடிப்பு, கழுத்தில் நெறிக்கட்டு, கல்லீரல் அழற்சி. மருந்து எடுப்போரில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இது வரலாம் என்றும், வந்தவர்களில் பத்தில் ஒருவர்வரை இறக்கக்கூடும் என்றும் ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன.

இப்போது நடைமுறையை யோசித்துப் பாருங்கள். தோல் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. காய்ச்சல் வந்ததும் நோயாளி தெருமுனை மருத்துவரிடம் போகிறார். டெங்குவா, டைஃபாய்டா என்று பார்க்கிறார்கள். தோலுக்கு மாத்திரை சாப்பிடுவதை அவர் சொல்வதில்லை. காய்ச்சலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார். மருத்துவரும் கேட்பதில்லை. கண் மஞ்சளானதும் காமாலை என்று சொல்லி வீட்டில் கீழாநெல்லி அரைக்கிறார்கள். டாப்சோன் மட்டும் நாள் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இந்நோய்க்கு முதல் சிகிச்சையே அந்த மாத்திரையை நிறுத்துவதுதான். நிறுத்தினாலும் உடம்பைவிட்டு முழுமையாக வெளியேற அதற்குப் பல நாட்கள் ஆகும் என்பதால், ஒவ்வொரு நாள் தாமதமும் கல்லீரலுக்குக் கேடு.

தொழுநோயாளியிடம் சிக்கல் இன்னும் கூடுதல். தொழுநோய்க்கே ‘ரியாக்‌ஷன்’ எனப்படும் அழற்சி எழுச்சி உண்டு. அதிலும் காய்ச்சலும் தோல் சிவப்பும் வரும். அப்போது கூட்டு மருந்தை நிறுத்தவே கூடாது. டாப்சோன் ஒவ்வாமை என்றாலோ டாப்சோனைத் தொடரவே கூடாது. இரண்டுக்கும் தோற்றம் ஏறக்குறைய ஒன்று, முடிவு நேரெதிர். பழகிய கண்தான் பிரித்தறியும். தொழுநோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்ற எண்ணத்தில் அந்தப் பழகிய கண்களை நாம் குறைத்துக்கொண்டே வருகிறோம்.

இந்த ஒவ்வாமை யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும் என்று 2013-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். ‘ஹெச்எல்ஏ-பி*13:01’ என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத்தான் இது பெருமளவில் வருகிறது. ஐரோப்பியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் ஏறக்குறைய இல்லாத அந்த வகை, இந்தியர்களிடம் நூற்றுக்கு 1 முதல் 12 பேர்வரை காணப்படுவதாக அந்த ஆய்வு குறிப்பிடுகிறது. முன்கூட்டியே மரபணுவைச் சோதித்து, அது உள்ளவர்களுக்கு டாப்சோனைத் தவிர்த்தபோது இந்த ஒவ்வாமை காணாமலேயே போனதாகச் சீனாவிலிருந்து 2019-இல் வெளியான இன்னொரு ஆய்வு தெரிவித்தது. ஒன்று முதல் பன்னிரண்டு என்பது மிகப் பெரிய இடைவெளி. தமிழ்நாட்டு மக்களிடம் அது எந்த முனையில் நிற்கிறது என்பதைக் கண்டறிய செங்கல்பட்டு நிறுவனத்துக்கும் வேலூர் கரிகிரியின் தொழுநோய் ஆராய்ச்சி மையத்துக்கும் உள்ள தகுதி வேறு யாருக்கு இருக்கிறது?

எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையுமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான தொழுநோயாளிகள் ஜி6பிடி பரிசோதனை இல்லாமலேயே டாப்சோன் சாப்பிட்டிருக்கிறார்கள். மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசோதனையைக் கட்டாயமாக்கினால் மலைக்கிராமத்து நோயாளிக்குச் சிகிச்சை தாமதமாகும். தாமதத்தில் நரம்பு போகும், விரல் மடங்கும். பரிசோதனைக்காக மருந்தை நிறுத்திவைப்பது அங்கே பெரிய தவறு.

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தொழுநோய்த் திட்டத்தையும் தோல் மருத்துவரின் அறையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழுநோய் மருந்து அன்றே தொடங்கட்டும். ஹீமோகுளோபின் பார்ப்பதற்கு அங்கேயே வசதி இருக்கிறது. கடுமையான ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யலாம். டாப்சோன் ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்ற இரண்டு மருந்துகளை வைத்துச் சிகிச்சையைத் தொடரவும் வழி உண்டு. அங்கே தேவை ஆய்வகத்தைவிட எச்சரிக்கை: காய்ச்சலும் தடிப்பும் வந்தால் உடனே வரச் சொல்லும் ஒரு வார்த்தை, மாத்திரை அட்டையோடு கொடுக்கும் ஒரு சீட்டு.

நகரத்துத் தோல் மருத்துவரிடம் இந்த வாதம் எடுபடாது. காணாக்கடிக்கோ கொப்புள நோய்க்கோ டாப்சோன் தொடங்குவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் யாருடைய விரலும் மடங்கிவிடாது. ஜி6பிடி பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். முழு ரத்த அணு எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் எந்த ஊர் ஆய்வகத்திலும் உண்டு. பாடநூல்கள் சொல்வது தெளிவு: தொடங்கும் முன் இவை மூன்றும், முதல் மாதம் வாரம் ஒருமுறை, மூன்றாம் மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். இதையெல்லாம் செய்து டாப்சோன் கொடுக்கும் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். செய்யாமல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினருக்குச் சாக்காக இருப்பது, மருந்து மலிவு என்பதுதான். மூன்று ரூபாய் மாத்திரைக்கு ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனையா என்று நோயாளி கேட்பாரே என்று அவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் புரிகிறது. அதற்கான தீர்வு அரசிடம் இருக்கிறது.

செய்யக்கூடியவை

அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் நோய்ப் பிரிவில் டாப்சோன் எழுதப்படும் ஒவ்வொருவருக்கும் ஜி6பிடி பரிசோதனை இலவசமாக, அன்றே கிடைக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகத் தெரிந்த மாநிலத்துக்கு இது பெரிய காரியமில்லை.

டாப்சோன் சாப்பிடும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு சிறு அட்டை இருக்க வேண்டும். மருந்தின் பெயர், தொடங்கிய நாள், அடுத்த ரத்தப் பரிசோதனை நாள், ஆபத்து அறிகுறிகள், ‘என் ஹெச்பிஏ1சி அளவை நம்ப வேண்டாம்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரி இருந்திருந்தால், தொடக்கத்தில் பார்த்த நீரிழிவுக்காரர் ஏமாந்திருக்க மாட்டார்.

மருந்துக்கடைகளும் தம் பங்கைச் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு முந்தைய கசங்கிய சீட்டைக் காட்டி மாதாமாதம் டாப்சோன் வாங்கிச் செல்பவரிடம், ‘கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். காய்ச்சலுக்கு வருபவரிடம் ‘வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று எல்லா மருத்துவர்களும் கேட்க வேண்டும். பரிசோதனைகளிலேயே செலவில்லாதது இந்தக் கேள்வி.

பழைய மருந்துக்கு விளம்பரம் செய்ய நிறுவனம் இல்லை. அதைப் பற்றி மருத்துவர்களுக்கு நினைவூட்ட விற்பனைப் பிரதிநிதியும் வருவதில்லை. அதன் நன்மையும் மறந்துபோகிறது, ஆபத்தும் மறந்துபோகிறது. பயந்து ஒதுக்கினால், ஏழை நோயாளிக்கு எஞ்சுவது நீண்டகால ஸ்டீராய்டு மட்டுமே. அலட்சியமாகக் கொடுத்தால், ஐந்தாவது வாரத்தில் ஒரு உயிர் போகலாம்.

கடைசியாக, இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டுப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாகத் தொழுநோய்க்குச் சாப்பிடுபவர்கள் நிறுத்தவே கூடாது. ஆனால் காய்ச்சல், உடம்பில் புதிய தடிப்பு, கண் மஞ்சள், கறுத்த சிறுநீர், நீலம் பாரித்த உதடு, ஆறாத தொண்டை வலி ஆகியவற்றில் எது வந்தாலும், அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.